சரிவில் நிற்கும் கார்: விசைப்படம் வரைவது எப்படி?

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடி கார் நிறுத்துமிடத்தில் ஒரு தளத்திலிருந்து அடுத்த தளத்துக்கு ஏறும் சரிவுப்பாதை இருக்கிறது அல்லவா? அதில் மேல்நோக்கிப் போன ஒரு கார் கைப்பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் விட்டு நிற்கிறது. அதன்மேல் என்னென்ன விசைகள், எந்தப் பக்கம்? என் மகள் உயர்நிலை மூன்றில் இதைக் கேட்டபோது உட்கார்ந்து வரிசைப்படுத்தினேன். அதே வரிசைதான் இங்கே. நியூட்டன் விதிகளும் சைன், கோசைனும் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

2பி பென்சில், 30 செ.மீ. அடிக்கோல், மூலைமட்டம், கட்டம் போட்ட தாள் போதும். ஐபேட் வேண்டாம். வளைந்த கோட்டை அது தானே நேராக்கிக் கொடுத்துவிடும். கோணத்தைக் கை பழகாது. கோணத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்க்க ஜியோஜீப்ரா என்ற கணிதச் செயலி அருமையானது, ஆனால் அது கையால் பத்துப் படமாவது வரைந்த பிறகு.

முதலில் சரிவு. கிடையாக 10 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏறும் சரிவு என்று வைத்துக்கொள்வோம். கோணம் 5.7 பாகைதான். அப்படியே வரைந்தால் எடையின் கோடும் செங்குத்து விசையின் (சாலை காரைத் தாங்கும் விசை, சரிவுக்குச் செங்குத்தாக) கோடும் ஏறக்குறைய ஒட்டிக்கொள்ளும், ஒன்றும் புரியாது. அதனால் தாளில் 25, 30 பாகைக்குத் தாராளமாக வரைந்துவிட்டு, பக்கத்தில் 5.7 என்று எழுதுங்கள். கணக்கு எழுதிய எண்ணுக்குத்தான்.

அடுத்து, காரைத் தனியாக எடுங்கள். சாலையை வரையாதீர்கள், அல்லது மெல்லிய புள்ளிக்கோடாக மட்டும் விடுங்கள். ஒரு பெட்டி, இரண்டு சக்கரம் போதும். இனி ஒவ்வோர் அம்பு போடும்போதும் ஒரு கேள்வி: இந்த விசையைக் காருக்குக் கொடுப்பது யார்? பூமி கீழே இழுக்கிறது, அது எடை. சாலை டயரைத் தாங்குகிறது, அது செங்குத்து விசை. சாலை டயரைப் பிடித்துக்கொள்கிறது, அது உராய்வு. வேறு யாரும் இல்லை. யார் கொடுப்பது என்று சொல்ல முடியாத அம்பை அழித்துவிடுங்கள்.

எடையின் அம்பு காரின் நிறைமையத்திலிருந்து (மொத்த எடையும் செயல்படுவதாகக் கொள்ளும் புள்ளி) தாளின் ஓரத்துக்கு இணையாக நேரே கீழே வர வேண்டும். சரிவு எப்படிச் சாய்ந்தாலும் எடை சாயாது. செங்குத்து விசை சரிவுக்கு 90 பாகையில் வரும்; இங்கேதான் மூலைமட்டம் வேண்டும்.

இனி எடையைப் பிரிப்பது. பிள்ளைகள் அதிகம் தடுமாறும் இடம் இது, நிதானமாகப் போவோம். எடையைச் சரிவின் வழியாக ஒரு கூறு, சரிவுக்குச் செங்குத்தாக ஒரு கூறு என்று பிரிக்கிறோம். எதற்கு சைன், எதற்கு கோசைன்? மனப்பாடம் செய்தால் தேர்வு அறையில் மாறிப்போகும். சரிவைத் தட்டையாக்கிப் பாருங்கள்: கோணம் பூஜ்யமானால் கார் உருள வழியில்லை, ஆகவே சரிவின் வழியான கூறும் பூஜ்யமாக வேண்டும். பூஜ்ய பாகைக்குப் பூஜ்யம் தருவது சைன். மற்றது கோசைன். அவ்வளவுதான்.

இன்னொன்று: கூறுகளைப் புள்ளிக்கோட்டில் போடுங்கள், முடிந்தால் பக்கத்தில் தனிப் படமாகவே போடுங்கள். எடையும் அதன் இரண்டு கூறுகளும் ஒரே படத்தில் அழுத்தமான அம்புகளாக இருந்தால், எடையை இருமுறை எண்ணியதாகிவிடும்.

காரின் நிறை 1200 கி.கி. என்போம். ஓ நிலைக் (உயர்நிலைப் பள்ளி இறுதித் தேர்வு) கணக்கில் ஒரு கிலோவுக்கு 10 நியூட்டன். தொடக்கக் கல்லூரியில் 9.81 வரும். பத்தையே வைத்தால் எடை 12,000 நியூட்டன். சரிவின் வழியே சுமார் 1194, சரிவுக்குச் செங்குத்தாகச் சுமார் 11,940. கார் நகரவில்லை, ஆகவே உராய்வும் 1194 நியூட்டன்தான், சரிவில் மேல்நோக்கி. உராய்வுக் குணகத்தை (டயருக்கும் சாலைக்கும் இடையே எவ்வளவு பிடிப்பு என்று காட்டும் எண்) செங்குத்து விசையால் பெருக்கி விடை எழுதிவிடாதீர்கள். அது டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. நிற்கும் காருக்குத் தேவையான அளவு உராய்வே வரும்.

கார் ஏறினால்? "இன்ஜின் விசை" என்று ஓர் அம்பு போடத் தோன்றும். யார் கொடுப்பது என்று கேளுங்கள். இன்ஜின் காருக்குள்ளேயே இருக்கிறது, வெளியிலிருந்து தள்ளவில்லை. அது சக்கரத்தைச் சுழற்றுகிறது, டயர் சாலையைப் பின்னுக்குத் தள்ளுகிறது, சாலை காரை முன்னுக்குத் தள்ளுகிறது. காரை மேலே ஏற்றுவது உராய்வுதான்! உராய்வு எப்போதும் இயக்கத்துக்கு எதிர்த்திசையில் என்று படித்த பிள்ளைக்கு இது பிடிபட நேரமாகும், விட்டுவிடாதீர்கள். முன்சக்கரத்தால் ஓடும் கார் என்றால் அந்த அம்பு முன் டயரின் அடியில். நம் ஈரடுக்குப் பேருந்துக்குப் பின் டயரின் அடியில்.

காற்றும் மற்றத் தடைகளும் சேர்ந்து 300 நியூட்டன் பின்னுக்கு இழுப்பதாகக் கொண்டால், சீரான வேகத்தில் ஏற 1494 நியூட்டன் வேண்டும். ஒவ்வொரு நொடியும் வேகம் நொடிக்கு 1 மீட்டர் கூட வேண்டுமானால் இன்னொரு 1200 சேர்ந்து 2694.

பின்சேர்க்கை: இரண்டு கேள்விகள் வந்திருக்கின்றன.

ஓர் அண்ணன் கேட்டார்: நிற்கும் காருக்கு உராய்வை எந்தச் சக்கரத்தில் போடுவது? பெரும்பாலான கார்களில் கைப்பிரேக் பின்சக்கரங்களைத்தான் பிடிக்கும். நியூட்ரலில் இருந்தால் முன்சக்கரம் தடையின்றி உருளும், ஆகவே 1194 முழுவதும் பின் டயர்களில். ஆட்டோ கியரை 'பி'யில் (பார்க் நிலை) போட்டால், முன்சக்கர ஓட்டமுள்ள காரில் முன் டயர்களும் பங்கு எடுக்கும். மொத்தம் மாறாது, யாருக்கு எவ்வளவு என்பதை இந்தப் படம் மட்டும் சொல்லாது.

இன்னொருவர், செங்குத்து விசை நான்கு டயருக்கும் சமமா என்று கேட்டார். சமமில்லை. நிறைமையம் தரையிலிருந்து 0.5 மீட்டர் உயரத்தில், இரு அச்சுகளுக்கும் நடுவில். அச்சுகளின் இடைவெளி 2.6 மீட்டர் என்று கொள்ளுங்கள். 1194-ஐ 0.5-ஆல் பெருக்கி 2.6-ஆல் வகுத்தால் சுமார் 230 நியூட்டன். மேல்நோக்கி நிற்கும் காரில் அவ்வளவு சுமை முன்னிருந்து பின்னுக்குப் போகிறது: பின் டயர்களுக்கு 6200, முன் டயர்களுக்கு 5740. அதே காரைத் திருப்பிக் கீழ்நோக்கி நிறுத்தினால் எண்கள் இடம் மாறும். அப்போது பின் டயர்கள் 5740 சுமையை வைத்துக்கொண்டு அதே 1194-ஐப் பிடிக்க வேண்டும், அதற்கு உராய்வுக் குணகம் குறைந்தது 0.21 தேவை. மேல்நோக்கி நின்றபோது சுமார் 0.19 போதும்.