காசு வாங்காத பரத வகுப்பைத் தொடங்குவது எப்படி

ஊர்ச் சனசமூக நிலையத்தில் அரசாங்கப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பரதம் பழக்க நினைப்பவர்கள் முதலில் ஒரு கணக்குப் பார்க்க வேண்டும். மாதச் சம்பளத்தை மட்டும் விட்டுக்கொடுத்தால் போதாது. உடுப்பு, சலங்கை, மேடை ஒப்பனை, பரீட்சைக் கட்டணம் என்று பின்னால் வரும் செலவுகளும் பிள்ளையை வீட்டில் இருத்திவிடும். அதனால் முதல் 2 வருடங்களுக்கு இவை எதுவும் தேவைப்படாதபடி வகுப்பை அமையுங்கள். அடவு, அதாவது ஆட்டத்தின் அடிப்படை அசைவு, சுத்தமாகும் வரை சலங்கை வேண்டியதில்லை. வீட்டில் இருக்கும் பருத்திப் பஞ்சாபியே போதும். சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டவேண்டும். மேற்சட்டை முழங்காலை மூடினால் முழங்கால் மடிப்பின் பிழை ஆசிரியர் கண்ணுக்குத் தெரியாது, எனவே அதைத் தூக்கிச் செருகச் சொல்லுங்கள். ஆண்பிள்ளைகளுக்குக் காற்சட்டையும் பெனியனும் போதும். அவர்களையும் கட்டாயம் சேருங்கள்.

ஒரு பிள்ளைக்கு 5 அடிக்கு 5 அடி இடம் வேண்டும். 30 அடிக்கு 20 அடி மண்டபத்தில் ஆசிரியர் நிற்கும் இடம் போக 20 பேர் ஆடலாம். ஓர் ஆசிரியருக்கு அதுதான் எல்லை, அதற்கு மேல் போனால் பின்வரிசையின் பாதத்தை யாரும் பார்ப்பதில்லை. 7, 8 வயதில் சேர்ப்பது நல்லது. தேர்வு வைத்துக் கழிக்காதீர்கள்: தாளம் பிடிபடாத பிள்ளைக்கும் கைதட்டிப் பழகப் பழக அது வரும்.

பாடசாலை விட்டு வந்து வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு ஆடக்கூடாது. மாலை 4 மணி தொடக்கம் 5.15 வரை, கிழமைக்கு 2 நாள் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நேரத்தோடு இருட்டிவிடும். அப்போது அரை மணித்தியாலம் முன்னுக்குத் தொடங்குங்கள். அதிபருக்கும் பெற்றோருக்கும் நாளும் நேரமும் எழுத்தில் போகட்டும். அம்மாமார் உள்ளே இருந்து பார்க்க விரும்பினால் தடுக்க வேண்டாம்.

இனி நிலம். பெரும்பாலான மண்டபங்களில் சிமெந்துதான். அதில் ஓங்கி ஓங்கித் தட்டினால் கணுக்காலுக்கு மேலே முன் எலும்பு நோகும். அதற்காகப் பாய் விரித்தால் பாதம் வழுக்கும், மெத்தையில் கணுக்கால் பிரளும். சிமெந்திலேயே ஆடட்டும், ஆனால் தட்டும் எண்ணிக்கையைக் குறையுங்கள். முதல் 3 மாதம் மிக வேகமான மூன்றாம் காலம் வேண்டாம். நோ அடுத்த நாளும் இருந்தால், அந்தப் பிள்ளை இருந்தபடி சொற்கட்டும் (வாயால் சொல்லும் தாளச் சொற்கள்) கை முத்திரையும் பழகட்டும்.

முழங்காலை இருபுறமும் மடித்துப் பாதி இறங்கி நிற்கும் அரைமண்டியில்தான் அதிகம் பிழை வருகிறது. தொடை இடுப்பிலிருந்து வெளியே திரும்ப வேண்டும். அது திரும்பாமல் பாதத்தை மட்டும் விரித்தால் முழங்கால் உள்ளே விழும். வருடங்கள் போக அந்த முழங்கால் பழுதாகும். முழங்கால் கால்விரலுக்கு நேர் மேலே நிற்கும் அளவுக்கே பாதத்தைத் திருப்பச் சொல்லுங்கள். மண்டி ஆழம் குறைந்தாலும் பரவாயில்லை. பிட்டத்தைப் பின்தள்ளி முதுகை வளைக்கும் பிள்ளையைச் சுவரோடு முதுகு ஒட்ட நிறுத்தி மெல்ல இறங்கவிடுங்கள். கண்ணாடி இல்லாத குறைக்கு, இரண்டிரண்டு பேராக நிறுத்தி ஒருவர் முழங்காலை மற்றவர் பார்க்கட்டும்.

பிறகு பாதத்தால் நிலத்தைத் தட்டும் தட்டடவு, அதன் சொற்கட்டு ‘தெய்யா தெய்’. வலம், இடம் ஒவ்வொரு தட்டு; அடுத்தது இரண்டிரண்டு. பாதம் முழுவதும் ஒரே நேரத்தில் நிலத்தில் பட வேண்டும். சத்தம் ‘டப்’ என்று ஒன்றாகக் கேட்டால் சரி, இரண்டாகக் கேட்டால் குதிக்கால் பிந்துகிறது. முதற்காலத்தில் எண்ணிக்கைக்கு ஒரு தட்டு, இரண்டாம் காலத்தில் 2, மூன்றாம் காலத்தில் 4. கைபேசிப் பாட்டு பிள்ளைக்காகக் காத்திராது, ஆசிரியர் தாளம் தட்டும் தட்டுக்கழியும் பலகையும் காத்திருக்கும். அந்தக் கழி பலகையில் மட்டுமே விழ வேண்டும்.

இளைப்பாறும் 10 நிமிடத்தில் ஒற்றைக்கை முத்திரை: கிழமைக்கு 4 என்றால் 28 முத்திரையும் 7 கிழமையில் முடியும். மற்ற விரல்களை ஒட்டி நீட்டும் பதாக முத்திரையில் பெருவிரல் மடிந்திருக்கிறதா என்று அங்கேயே திருத்துங்கள், பழகிப்போனால் மாற்றுவது கடினம். வகுப்புக்கு முன் ஒரு பிடி அவித்த கடலை கொடுக்க ஊரில் யாராவது பொறுப்பெடுத்தால் பிள்ளைகள் கடைசிவரை சோராமல் நிற்பார்கள்.

முதல் மேடை பாடசாலை வாணி விழாவாக இருக்கட்டும். பாடசாலைச் சீருடையிலேயே ஆடலாம். வட இலங்கை சங்கீத சபையின் தரப் பரீட்சைக்கு அனுப்புவதானால், கட்டணத்தைச் சேர்க்கும் உண்டியலை வகுப்பு தொடங்கும் மாதத்திலேயே வையுங்கள்.