குங்கிலியம் பூசப் போகிறீர்களா? முதலில் முன்கையில் ஒரு வாரம்

போன மார்கழியில் அம்மாவுக்குக் குதிகால் வெடிப்பு அதிகமாகி, தரையில் கால் ஊன்றவே சிரமப்பட்டார். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் குங்கிலியம் என்ற மரப்பிசினை வாங்கி வந்து, நல்லெண்ணெயில் உருக்கி, குங்கிலிய வெண்ணெய் செய்து பூசிவிட்டேன். ஒன்பது நாள் வரை நன்றாகத்தான் இருந்தது, வெடிப்பும் மூடத் தொடங்கியது. பத்தாம் நாள் ராத்திரி அரிப்பு. விடிந்து பார்த்தால் கணுக்கால் வரை சிவந்து, கடுகு கடுகாக நீர்க்கொப்புளம். "இத்தனை நாள் ஒண்ணும் பண்ணலியே, இதனால இருக்காதுடி" என்று அம்மா சொல்ல, நானும் நம்பி இன்னும் இரண்டு நாள் பூசினேன். அதுதான் பெரிய தப்பு.

புதுச்சேரியில் பார்த்த தோல் மருத்துவர் முதுகில் வரிசையாகச் சின்னச் சின்ன மருந்துப் பொட்டுகளை ஒட்டி, இரண்டு நாள் நனையாமல் வைத்திருந்து பார்த்தார். ரோசின் வைத்த இடம் மட்டும் தடித்துச் சிவந்திருந்தது. "பிளாஸ்திரி ஒட்டினா உங்களுக்கு அரிக்குமா?" என்று கேட்டார். அம்மாவுக்கு எப்போதுமே அரிக்கும், நாங்கள்தான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரோசின் என்பது பைன் மரப் பிசினிலிருந்து டர்பன்டைனை வடித்தெடுத்த பிறகு மிஞ்சும் கட்டி. சில பிளாஸ்திரிகளின் பசையிலும், முடி நீக்கும் வேக்ஸிலும், வயலின் வில்லில் தேய்க்கும் கட்டியிலும் அது இருக்கிறது. உடைத்தால் குங்கிலியம் மாதிரியே மஞ்சளாக மின்னும், கடையில் குங்கிலியத்தோடு இதைக் கலந்து கொடுத்தாலும் கண்ணால் பிரிக்க முடியாது. அதனால் பிளாஸ்திரியோ வேக்ஸோ உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்றால், எந்த மரப்பிசினையும் மருத்துவரிடம் கேட்காமல் தோலில் வைக்காதீர்கள்.

ஒன்பது நாள் சும்மா இருந்ததை வைத்து "இதனால இருக்காது" என்று நினைக்கக் கூடாது. முதன்முறை படும் பொருளை உடம்பு அடையாளம் கண்டுகொண்டு எதிர்க்கத் தொடங்கப் பத்து நாள், இரண்டு வாரம் கூட ஆகும். ஒருமுறை உடம்பு அப்படி எதிர்க்கப் பழகிவிட்டால் அப்புறம் ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும், பெரும்பாலும் ஆயுசுக்கும் விடாது.

சரி, கையில் இருப்பது எந்த வகை என்று முதலில் பாருங்கள். ஒரு துண்டை ராத்திரி தண்ணீரில் போட்டு வையுங்கள். கருவேலம் பிசின், பாதாம் பிசின், முருங்கைப் பிசின் எல்லாம் காலையில் கரைந்தோ ஊதியோ கிடக்கும், இவற்றால் தோலுக்குத் தொல்லை குறைவு. குங்கிலியமும் ரோசினும் போட்டபடியே கிடக்கும், எண்ணெயிலும் ஸ்பிரிட்டிலும்தான் கரையும். சாம்பிராணியும் இந்தப் பக்கம்தான், அதில் செய்கிற டிங்சர் பென்சாயின் என்ற மருந்துக்கும் அலர்ஜி வருகிறவர்கள் உண்டு. கம்ப்யூட்டர் சாம்பிராணியைப் பொடித்துப் பூசுவது வேண்டவே வேண்டாம், அது கரித்தூள் சேர்த்துச் செய்தது.

வாங்கும்போது கட்டியாகவே வாங்குங்கள், தூள் வேண்டாம். ரோசின் காற்றுப் பட்டு மாறும்போது உண்டாகும் பொருள்கள்தான் அலர்ஜியை அதிகம் கிளப்புகின்றன, தூளாக்கி வைத்தால் அந்த மாற்றம் சீக்கிரம் நடக்கிறது. தேவையான அன்றைக்கு இடித்துக்கொண்டால் போதும்.

உருக்குவதை வெளியில், சின்னத் தீயில் வைத்துக்கொள்ளுங்கள், பிசின் ஆவி தீப்பிடிக்கும். நான் ஒரு பங்கு பொடிக்கு நாலு பங்கு நல்லெண்ணெய் வைக்கிறேன். உருகியதும் இறக்கி, துணியால் பாத்திரத்தைப் பிடிக்க முடிகிற சூடு வரும்வரை ஆறவிட்டு, வடிகட்டி, அகலமான பாத்திரத்தில் இருக்கும் குளிர்ந்த தண்ணீரில் நூல் மாதிரி ஊற்றிக் கையால் அடித்துப் பிசைந்தால், தண்ணீர் மாற்ற மாற்ற வெளுத்து வெண்ணெய் மாதிரி திரளும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் தெறிக்கும், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். சூடான பிசின் தோலில் பட்டுவிட்டால் பிய்க்கக் கூடாது, தோலும் சேர்ந்து வரும். குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டிவிட்டு, ஒட்டியதை ஒட்டியபடியே விட்டு மருத்துவரிடம் போங்கள்.

இப்போது சோதனை. முழங்கை மடிப்புக்குச் சற்றுக் கீழே, உள்பக்கம், ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு மெல்லிசாகப் பூசுங்கள், காலையும் மாலையும், அதே இடத்தில், ஏழு நாள் குறையாமல், முடிந்தால் பத்து நாள். ராத்திரி பூசி காலையில் பார்த்து "ஒன்றுமில்லை" என்று முடிவு கட்டாதீர்கள், எங்கள் வீட்டில் அந்தச் சோதனையில் அம்மா தேறித்தான் இருந்தார். நடுவில் அரிப்பு, தடிப்பு, சிவப்பு எது வந்தாலும் அன்றோடு நிறுத்துங்கள். தேறினாலும் கண், உதடு, மறைவிடம், ஆறாத புண் பக்கம் கொண்டுபோகாதீர்கள். கைக்குழந்தைக்கு வேண்டாம். சர்க்கரை உள்ளவர்கள் கால் வெடிப்புக்கு வீட்டு மருந்தே வேண்டாம், நேராக மருத்துவர். முகம் வீங்கினாலோ, மூச்சு இரைத்தாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள்.

பண்ருட்டிப் பக்கம் இன்றும் சிலர் பித்தவெடிப்புக்கும் மருவுக்கும் முந்திரிக்கொட்டைத் தோட்டின் எண்ணெயை வைக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அது தோலைச் சுட்டுப் பொத்துவிடும், கொட்டை உடைக்கும் பெண்கள் கையில் சாம்பலோ விளக்கெண்ணெயோ தடவிக்கொள்வது அதற்காகத்தான். அவர்களின் விரல் நுனிகளைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன், கறுத்து, ரேகை அழிந்து, தோல் செதில் செதிலாக உரிந்திருந்தது. சேங்கொட்டையும் அதே குடும்பம்தான், அதைவிடப் பொல்லாதது. மாங்காய்ப் பால் பட்டு வாயோரம் புண் வருகிறவர்கள் இந்த இரண்டிடமும் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும்.

கையில் ஒட்டிய பிசினை எடுக்க பெட்ரோல், தின்னர், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். பலாப்பழம் அரிந்த கைக்குச் செய்வதைத்தான் செய்ய வேண்டும்: தேங்காய் எண்ணெயைத் தாராளமாக ஊற்றி ஐந்து நிமிடம் ஊறவிட்டு, துணியால் வழித்து, பிறகு சோப்பு. எண்ணெய்க்கு முன்னால் தண்ணீர் பட்டால் இறுகிக்கொள்ளும்.