குளிர்கால ஹாமக் முகாமுக்குத் தார்ப்பாய்: வீட்டிலேயே மாற்றியமைத்துக் கட்டுவது எப்படி?

கோடையில் ஹாமக்குக்கு (இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டும் தொங்கு படுக்கை) மேலே தார்ப்பாய் கட்டுவது மழைக்காக. குளிர்காலத்தில் அது காற்றையும் வெண்பனியையும் தாங்க வேண்டும். கூரையாக மட்டும் இருந்தால் போதாது, சுவராகவும் நிற்க வேண்டும். கனடாவில், ஒன்டாரியோவின் அல்காங்க்வின் மாகாணப் பூங்காவில், 60ஆம் நெடுஞ்சாலையோரம் இருக்கும் மியூ ஏரி முகாம் குளிர்காலத்திலும் திறந்திருக்கும். ஜனவரி இரவுகளில் அங்கே மைனஸ் 20 டிகிரி சாதாரணம். முதல்முறையாக அப்படி ஓர் இடத்துக்கு ஹாமக்கோடு கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கதவு வைத்த குளிர்காலத் தார்ப்பாய்கள் கடையில் நல்ல விலை. ஹார்டுவேர் கடையின் நீலத் தார்ப்பாயிலேயே அந்த வசதியை நாமே செய்துகொள்ளலாம்.

முதலில் ஒன்று. தார்ப்பாய் எவ்வளவு நன்றாக இருந்தாலும், ஹாமக்குக்கு அடியில் வெளிப்புறமாக மாட்டும் பஞ்சுப் போர்வையான அண்டர்குவில்ட் இல்லாமல் போகாதீர்கள். நாம் படுத்ததும் முதுகுக்கு அடியில் தூக்கப்பை நசுங்கிவிடும், நசுங்கிய பஞ்சு சூடு காக்காது. அண்டர்குவில்ட் நசுங்காமல் வெளியே தொங்குவதால்தான் வேலை செய்கிறது. ஆனால் அடியில் காற்று வீசினால் அதன் சூட்டையும் வாரிக்கொண்டு போய்விடும். தார்ப்பாயின் முதல் வேலை அந்தக் காற்றைத் தடுப்பதுதான்.

படி 1: அளவு பார்த்து வாங்குவது

பத்துக்குப் பன்னிரண்டு அடி என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். பிரித்து அளந்தால் பெரும்பாலும் சில அங்குலம் குறைவாகத்தான் இருக்கும். ஓரம் மடித்துத் தைத்ததில் போன அளவு அது. அதனால் இதைவிடச் சிறியதை வாங்க வேண்டாம். பன்னிரண்டு அடிப் பக்கம் ஹாமக்கின் நீளவாட்டில் முகடாக ஓடும். இரண்டு புறமும் ஐந்தைந்து அடி சரிந்து இறங்கும்.

நீலத் தார்ப்பாய் பாலிஎதிலீன். ஈரம் குடிக்காது. சிலிக்கான் பூசிய நைலான் தார்ப்பாய் எடை குறைவு, ஆனால் ஈரத்தில் நீண்டு தொய்ந்துவிடும், இரவில் எழுந்து இழுத்துக் கட்ட வேண்டும். சிலிக்கான் பூசிய பாலியெஸ்டரில் அந்தத் தொல்லை குறைவு. பணம் இருந்தால் அதுதான் என் தேர்வு. நீலத் தார்ப்பாய் குளிரில் விறைக்கும், சலசலக்கும், எடையும் அதிகம். காரை நிறுத்திவிட்டுச் சற்று தூரம் மட்டும் நடக்கும் இடத்துக்கு இதெல்லாம் பொருட்டே இல்லை.

படி 2: கூழாங்கல் முடிச்சு

இந்த வேலையை வீட்டில், சூடான அறையில் முடித்துவிடுங்கள். தார்ப்பாயோடு வரும் உலோக வளையங்களை நம்ப வேண்டாம். பனியின் பாரம் ஏறினால் முதலில் கிழிவது அந்த இடம்தான். துளையே போடாமல் எங்கே வேண்டுமோ அங்கே கயிறு கட்டலாம்.

நெல்லிக்காய் அளவில், கூர்முனை இல்லாத வழவழப்பான கூழாங்கல் ஒன்றை எடுங்கள். ஓரத்திலிருந்து நாலு விரல் உள்ளே, தார்ப்பாயின் உள்பக்கம் அதை வையுங்கள். வெளிப்பக்கமிருந்து துணியோடு சேர்த்துக் கல்லைப் பிடித்து, அதன் கழுத்தில் 3 மில்லிமீட்டர் கயிற்றை இரண்டு சுற்று சுற்றிக் கட்டுங்கள். கயிற்றை இழுக்க இழுக்க முடிச்சு கல்லின் அடியில் இறுகும். பாரம் துணியில் பரவலாக இறங்குவதால் கிழியாது. தளர்த்தினால் கல் விழுந்துவிடும், தார்ப்பாயில் ஓட்டை இருக்காது.

இப்படி எங்கெங்கே கட்ட வேண்டும்?

முகட்டின் இரு முனைகளிலும் ஒவ்வொன்று. நான்கு மூலைகளிலும் ஒவ்வொன்று. அடுத்ததுதான் நம் மாற்றத்தின் உயிர்: நீளப் பக்க ஓரங்களில், ஒவ்வொரு மூலையிலிருந்தும் இரண்டரை அடி உள்ளே தள்ளி ஒவ்வொன்று. முளைக்கு இழுத்துக் கட்டப்போவது மூலைகளை அல்ல, இந்த உள்தள்ளிய புள்ளிகளைத்தான். அப்போது மூலைகள் முக்கோணமாகத் தொங்கும். அவற்றை உள்ளே மடக்கினால் அவைதான் கதவுகள்.

கடைசியாக, ஒவ்வொரு சரிவிலும் நடுவில், பாதி உயரத்தில் ஒன்று. இதிலிருந்து வெளிப்பக்கம் கயிறு இழுத்தால் சுவர் வெளியே உப்பி உள்ளே இடம் கிடைக்கும். பனி அழுத்தும்போது துணி முகத்தில் வந்து உரசாது.

படி 3: கயிறுகளைக் கையுறைக்கு ஏற்ப மாற்றுவது

தடித்த கையுறையோடு மெல்லிய கயிற்றை அவிழ்க்க முடியாது. கையுறையைக் கழற்றினால் சில நிமிடத்தில் விரல் மரத்துவிடும். அதனால் ஓரக் கயிறுகள் எல்லாம் 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல், பனியில் கண்ணுக்குத் தெரியும் ஆரஞ்சு நிறத்தில் இருக்கட்டும். எல்லா முடிச்சும் ஒரே இழுப்பில் அவிழும் உருவு முடிச்சாக இருக்க வேண்டும். அவிழ்க்கும் நுனியைப் பெரிய வளையமாக விடுங்கள்.

ஓரக் கயிறுகளில் ரப்பர் கயிறு சேர்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. காற்றுக்கு அது நல்லது. பனிக்கு ஆகாது, பாரம் ஏற ஏற இளகிக் கொடுத்து சுவரைத் தளர்த்திவிடும். நடுச்சுவர் இழுப்புகளில் மட்டும் போடுங்கள்.

படி 4: மரம் தேர்ந்தெடுப்பது

பதினான்கு முதல் பதினாறு அடி இடைவெளியில் உயிருள்ள இரண்டு மரங்கள். அண்ணாந்து பாருங்கள்: பட்ட கிளையோ, பனி குவிந்து வளைந்த கிளையோ தலைக்கு மேலே இருந்தால் வேறு இடம் தேடுங்கள். இந்த ஒன்றில் மட்டும் சமரசம் வேண்டாம். மரப்பட்டை காயப்படாமல் இருக்க ஒரு அங்குலத்துக்குக் குறையாத அகலப் பட்டையால்தான் ஹாமக்கைக் கட்ட வேண்டும்.

தார்ப்பாயின் நீளச் சரிவு காற்றுக்கு எதிராக நிற்க வேண்டும், திறந்த முனை அல்ல. அல்காங்க்வினில் குளிர்காலக் காற்று பெரும்பாலும் மேற்கு, வடமேற்கிலிருந்து வரும். ஆகவே முகடு ஏறத்தாழ வடக்கு தெற்காக ஓடினால் சரி. அந்த இடத்துப் பனியைக் காலால் நன்றாக மிதித்து இறுக்கிவிட்டு, கொஞ்சம் பொறுத்து வேலையைத் தொடங்குங்கள்.

படி 5: முகட்டுக் கயிறு

மரத்துக்கு மரம் ஒரே கயிறாகக் கட்டுங்கள். அதன் மேல் தார்ப்பாயைப் போடுங்கள். பனியின் பாரத்தைத் துணியோடு சேர்ந்து கயிறும் சுமக்கும். முனைகளைப் பிருசிக் முடிச்சால் (தளர்த்தினால் கயிற்றில் நகரும், பாரம் விழுந்தால் இறுகிப் பிடிக்கும் சுற்றுமுடிச்சு) கயிற்றோடு பிடித்தால், நகர்த்தி நடுவாக்குவது எளிது. ஹாமக்கின் இரு முனைகளையும் மேலே இணைக்கும் கயிற்றிலிருந்து முகடு ஒரு சாண் உயரத்தில் இருந்தால் போதும். கோடையில் போல உயர்த்திக் கட்டினால் ஓரங்கள் தரையை விட்டு மேலே போய்விடும், காற்று தாராளமாக நுழையும்.

படி 6: பனியில் நங்கூரம்

சாதாரண முளை தூள்பனியில் நிற்காது. வீட்டிலிருந்தே ஒரு முழ நீளக் கட்டைகள் எட்டு கொண்டுபோங்கள், பூங்காவில் கிளை வெட்டக்கூடாது. இழுபடும் திசைக்குக் குறுக்காக ஒன்றரை அடிப் பள்ளம் தோண்டி, கட்டையைப் படுக்க வைத்து, கயிற்றை அதன் அடியில் வளைத்து இரு நுனிகளையும் மேலே கொண்டு வாருங்கள். பனியைப் போட்டு மிதியுங்கள். பிறகு அரை மணி நேரம் கையே வைக்காதீர்கள். மிதிபட்ட பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டிப்பட அவ்வளவு நேரம் வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் கட்டை அப்படியே பிடுங்கிக்கொண்டு வரும். காலையில் ஒரு நுனியை விட்டு மறு நுனியை இழுத்தால் பெரும்பாலும் கயிறு உருவிக்கொண்டு வந்துவிடும். கட்டைக்குத் தோண்டத்தான் வேண்டும், மண்வெட்டி மறக்காதீர்கள். கட்டைக்குப் பதில் துணிப்பையில் பனியை நிரப்பியும் புதைக்கலாம்.

படி 7: சரிவும் கதவும்

உள்தள்ளிய நான்கு புள்ளிகளையும் இழுத்துக் கட்டுங்கள். ஓரம் தரைப்பனியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நிற்கும்படி வையுங்கள். சரிவு செங்குத்தாக இருக்க இருக்க நல்லது, பனி தானே வழுக்கி விழும். புதிதாக விழுந்த பனி கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோ வரை இருக்கும். பத்து சென்டிமீட்டர் படிந்தாலே சதுர மீட்டருக்கு 5 முதல் 10 கிலோ. ஈரப்பனி என்றால் இன்னும் பல மடங்கு. தட்டையாகக் கட்டிய தார்ப்பாய் இதற்குத் தாங்காது.

மூலைகளை உள்ளே மடக்கி, எதிரெதிர் மூலைகளை ஒன்றோடொன்று கட்டிவிடுங்கள். கதவுகள் முழுதாகச் சேராது. நடுவில் ஒரு கீற்று திறந்திருக்கும். ஹாமக்கின் பட்டை வெளியே போக அந்த இடைவெளி வேண்டும். அதற்கு மேல் அதை அடைக்கவும் வேண்டாம். நம் மூச்சின் ஈரம் வெளியேறாவிட்டால் துணியின் உட்புறம் உறைபனியாகப் படிந்து, காற்றில் தார்ப்பாய் அதிரும்போதெல்லாம் தூக்கப்பைமேல் உதிரும். அது உருகினால் பஞ்சு நனையும், நனைந்த பஞ்சில் சூடு நிற்காது. கதகதப்புக்காக எல்லாவற்றையும் மூடிக்கொள்ளத்தான் மனம் சொல்லும்; கேட்காதீர்கள். காற்று வரும் பக்கம் மட்டும் ஓரத்தை ஒட்டிப் பனியைக் கரையாகக் குவித்து அந்த ஒரு சாணை அடையுங்கள், எதிர்ப்பக்கம் திறந்தே இருக்கட்டும்.

மூடிய தார்ப்பாய்க்குள் அடுப்பு பற்றவைக்கவே கூடாது. தீப்பிடிப்பது ஒருபுறம், கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும். சமையல் வெளியில்தான்.

இரவில்

பனி கொட்டினால், விழிக்கும்போதெல்லாம் உள்ளிருந்து சுவரைப் புறங்கையால் கீழிருந்து மேலாகத் தட்டுங்கள். கீழே முதலில் சரிந்தால் மேலே இருப்பது தானாக வரும். சுவர் நடுவில் குழிந்தால் கயிறு தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். சோம்பல் படாமல் எழுந்து இழுத்துக் கட்டுங்கள். தார்ப்பாய் ஓரங்களில் சரிந்த பனி குவிந்து காற்றுவழியை அடைத்திருந்தால் அதையும் காலால் தள்ளிவிட வேண்டும்.

காலையில் மடிப்பதற்கு முன் உட்புற உறைபனியை உலர்ந்த துணியால் துடையுங்கள். அப்படியே சுருட்டினால் வீட்டுக்குப் போவது ஒரு பனிக்கட்டி மூட்டை. வீட்டில் பிரித்து முழுதும் காயவிட்டு, கூழாங்கல் முடிச்சுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். கல்லைச் சுற்றித் துணி வெளுத்திருந்தால் அடுத்த முறை இரண்டு விரல் தள்ளிக் கட்டுங்கள்.