லண்டன் வரும் செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்கு: கரண்ட் பில் கணக்கு

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமிருந்து இங்கே வந்த முதல் குளிர்காலத்திலேயே ஊரிலிருந்து இப்படி ஒரு போன் வரும். "அங்கே கரண்ட் விலை குறைஞ்சிருச்சுன்னு செய்தியில சொன்னாங்களேப்பா, உனக்கு ஏன் இன்னும் கட்டுப்படியாகலை?" என்பார் அப்பச்சி.

குறைந்தது என்றால் எதைவிட என்று பாருங்கள். சராசரி வீட்டுக்கு எரிவாயு, மின்சாரம் இரண்டும் சேர்த்து வருடத்துக்கு 2021 அக்டோபரில் 1,277 பவுண்டு. 2022 ஏப்ரலில் 1,971. அந்த அக்டோபரில் அரசு தலையிட்டு 2,500-இல் பிடித்து நிறுத்தியது. 2023 ஜூலையில் 2,074. '17 சதவீதம் குறைந்தது' என்ற செய்தி சரிதான். ஆனால் 1,277 கட்டி வந்தவருக்கு அது 60 சதவீதத்துக்கு மேல் ஏற்றம்.

பாரிஸில் இருக்கும் சொந்தக்காரர் தனக்கு அவ்வளவு ஏறவில்லை என்பார். அதுவும் உண்மை. 2022-இல் பிரெஞ்சு அரசு மின்கட்டண உயர்வை 4 சதவீதத்தில் நிறுத்தியது. ஊரிலும் அந்த செப்டம்பரில் கட்டணம் ஏறியது. ஆனாலும் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். இங்கே ஒரு யூனிட்கூட எரிக்காவிட்டாலும் தினசரி நிலைக்கட்டணம் உண்டு.

பிரிட்டனின் எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்ஜெம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிக்கும் உச்சவரம்பைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். வரம்பு யூனிட் விலைக்கும் நிலைக்கட்டணத்துக்கும்தான், உங்கள் பில்லுக்கு இல்லை. ஹீட்டர் ஓட ஓட பில் ஏறும்.

அதனால் வீடு பார்க்கும்போதே ஆற்றல் சான்றிதழைக் கேளுங்கள். வீடு எவ்வளவு சிக்கனமானது என்று ஏ (சிறந்தது) முதல் ஜி (மோசம்) வரை தரம் போட்டிருக்கும். ஊரில் முற்றமும் கனத்த சுண்ணாம்புச் சுவரும் வெயிலை வெளியே நிறுத்தும்; இங்கே சுவர் சூட்டை உள்ளே பிடித்து வைக்க வேண்டும். வாடகை கொஞ்சம் கூடினாலும் சி தர வீட்டையே எடுங்கள் என்பேன்.

அப்புறம், சாவி வாங்கிய அன்றே மீட்டர்களைப் போட்டோ எடுத்து, ரீடிங்கை நிறுவனத்துக்கு அனுப்பிவிடுங்கள். நான் எடுக்காமல் விட்டேன். முன்பு குடியிருந்தவர் எரித்ததும் என் பில்லில் ஏறியது. அதை நீக்க மூன்று மாதம் போராடினேன். மீட்டர் பெரும்பாலும் மாடிப்படிக்கு அடியிலோ வாசல் அலமாரியிலோ இருக்கும். கேஸ் மீட்டர் கன மீட்டரில் ஓடும், பில் யூனிட்டில் வரும். ஒரு கன மீட்டருக்குச் சுமார் 11 யூனிட் என்று வைத்துச் சரிபாருங்கள்.