இப்போது என்ன கேட்கிறீர்கள்? செவ்வியல் இசையைப் பகிர்ந்து பேசுவதற்கு ஒரு செய்முறை

"இன்று பீத்தோவன் கேட்டேன், அருமை" என்று இசை நண்பர்களுக்கு எழுதிப் பாருங்கள். ஒரு கட்டைவிரல் படம் வரும், பேச்சு வராது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. பீத்தோவனின் சிம்பொனிகளே (ஆர்கெஸ்ட்ரா எனும் பெரிய வாத்தியக் குழுவுக்கான படைப்புகள்) ஒன்பது. பியானோ சொனாட்டாக்கள் (பியானோ மட்டும் தனியாக வாசிக்கும் படைப்புகள்) 32. எதை, யார் வாசிக்கக் கேட்டீர்கள் என்று தெரியாதவர் என்ன பதில் சொல்வார்? மேற்கத்திய செவ்வியல் இசைக்குப் புதியவர்கள் தாங்கள் கேட்பதைப் பகிர்ந்து பேச்சை வளர்க்கும் வழி இது. இசை இலக்கணம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

படி 1: படைப்பின் எண்ணைச் சேருங்கள்

மோட்சார்ட்டின் ஜி மைனர் (சுருதியின் பெயர்) சிம்பொனி என்றால் 25ஆவதும் உண்டு, 40ஆவதும் உண்டு. கே. 183, கே. 550 என்று எழுதிவிட்டால் குழப்பம் இல்லை. மோட்சார்ட்டின் படைப்புகளைத் தொகுத்து கோஷல் என்பவர் 1862இல் வெளியிட்ட பட்டியலிலிருந்து வந்த எண்கள் இவை. பாஹ் என்றால் பி.டபிள்யூ.வி. எண், ஷூபர்ட் என்றால் டி. எண் (இவையும் அப்படிப்பட்ட பட்டியல் எண்கள்தான்), பீத்தோவனுக்குப் பெரும்பாலும் ஓபஸ் எண் (படைப்பு வெளியானபோது தரப்பட்ட எண்). வரிசை எண்ணை மட்டும் நம்பினால் சில நேரம் ஏமாறுவோம்: த்வோர்ஷாக்கின் 'புதிய உலகம்' சிம்பொனி இன்று 9ஆவது, பழைய இசைத்தட்டு உறைகளில் அதுவே 5ஆவது.

படி 2: வாசித்தவர், ஒலிப்பதிவு ஆண்டு

புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இதைத்தான். ரசிகர்களின் பேச்சில் பாதி நடப்பதும் இதைப் பற்றித்தான். பாஹின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸை (பி.டபிள்யூ.வி. 988), அதாவது ஆரியா என்ற மெட்டையும் அதன் மாறுபாடுகளையும் கொண்ட படைப்பை, எடுத்துக்கொள்ளுங்கள். பியானோ கலைஞர் கிளென் கூல்ட் இதை 1955இல் ஒரு முறையும் 1981இல் மறுமுறையும் பியானோவில் ஒலிப்பதிவு செய்தார். முதலாவது ஏறத்தாழ 38 நிமிடம், இரண்டாவது 51 நிமிடம். தொடக்கத்தில் வரும் ஆரியா முதல் பதிவில் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இரண்டாவதில் மூன்று நிமிடம் எடுத்துக்கொள்ளும். ஸ்வரங்கள் அவையே, வாசித்தவரும் அவரே. ஆனால் ஒன்றில் மூழ்கியவருக்கு மற்றது வேறு படைப்பாகத் தோன்றும். "கூல்டின் கோல்ட்பெர்க்" என்று மட்டும் எழுதினால், "எந்தக் கூல்ட்?" என்ற கேள்விதான் முதலில் வரும். (இரண்டிலுமே அவர் வாசித்தபடி முனகுவது கேட்கும். உங்கள் ஸ்பீக்கரில் கோளாறு இல்லை.)

ஆர்கெஸ்ட்ரா என்றால் இசை நடத்துநர், ஆர்கெஸ்ட்ரா இரண்டையும் எழுதுங்கள். இசைச் செயலிகள் காட்டும் ஆண்டை அப்படியே நம்ப வேண்டாம். பல நேரம் அது மறுவெளியீட்டின் ஆண்டு. ஒலிப்பதிவான ஆண்டு, ஆல்பத்தோடு வரும் குறிப்பேட்டில் இருக்கும்.

படி 3: ஓர் இடத்தைச் சுட்டுங்கள்

"உன்னதம்", "தெய்விகம்" போன்ற சொற்களுக்கு யாரும் மறுமொழி எழுத முடியாது. ஐந்து நட்சத்திரமும் அப்படித்தான். என்னைக் கேட்டால் அது சோம்பேறித்தனம். உங்களை நிமிர்ந்து உட்கார வைத்த ஓர் இடத்தைச் சொல்லுங்கள். பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியில் முதல் பகுதியின் பிற்பாதியில், அத்தனை ஆரவாரமும் சட்டென்று நின்று, ஓபோ மட்டும் தனியாக ஒரு சிறு வரியை நிதானமாக வாசிக்கும். அந்த இடம் வரும் நிமிடத்தையும் நொடியையும் குறித்து அனுப்பினால், படிப்பவர் உடனே போய்க் கேட்பார். கருவியின் பெயர் தெரியாவிட்டால் "மூக்கால் பாடுவது போன்ற அந்தக் குழல்" என்று எழுதினாலும் போதும். பெயரைச் சொல்ல யாராவது ஓடி வருவார்கள், அங்கிருந்தே பேச்சு தொடங்கும்.

படி 4: எப்படிக் கேட்டீர்கள் என்பதும் செய்திதான்

பாத்திரம் கழுவிக்கொண்டு கேட்டீர்களா, பாதியில் தூங்கிவிட்டீர்களா, ஒளிக்காமல் எழுதுங்கள். அன்றாடப் பேச்சு கலந்தால்தான் இசைப் பேச்சு நீடிக்கும்.

படி 5: ஒரு கேள்வியோடு முடியுங்கள்

எல்லாம் சேர்ந்தால் இப்படி வரும்:

"பீத்தோவன், சிம்பொனி 5, சி மைனர், ஓபஸ் 67. கார்லோஸ் கிளைபர், வியன்னா ஃபில்ஹார்மோனிக், 1974. துணி மடித்துக்கொண்டே கேட்டேன். மூன்றாம் பகுதி நிற்காமல் நான்காவதற்குள் பாயும் இடத்தில் கை நின்றுவிட்டது. இதே இடத்தை இன்னும் நிதானமாகக் கொண்டுபோகும் பதிவு உண்டா?"

"எது சிறந்த பதிவு?" என்று மட்டும் கேட்காதீர்கள். சண்டை வரும், விடை வராது. "இன்னும் நிதானமாக", "இன்னும் சிறிய ஆர்கெஸ்ட்ராவில்", "அந்தக் காலக் கருவிகளில்" என்று குறுக்கிக் கேட்டால் உருப்படியான பதில் கிடைக்கும்.

படி 6: பதில் வந்த பிறகு

பத்துப் பேர் பத்துப் பதிவுகளைச் சொல்வார்கள். எல்லாவற்றையும் சேமித்து வைத்தால் எதையும் கேட்க மாட்டீர்கள். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், முழுப் படைப்பும் வேண்டாம், நீங்கள் கேள்வி கேட்ட அந்த இடத்தை மட்டும் இரண்டு பதிவுகளிலும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பிறகு அந்தப் பதிவைச் சொன்னவரிடம் போய் என்ன கேட்டது என்று இரண்டு வரி எழுதுங்கள். பிடிக்கவில்லை என்றால் அதையும் காரணத்தோடு எழுதுங்கள். சொன்னவர் அதற்குத்தான் காத்திருப்பார்.