தோலின் வகையை வீட்டிலேயே அறிய
தில்லியின் ஜனவரி வறட்சியும் ஆகஸ்டு மாதப் புழுக்கமும் ஒரே முகத்தை இருவேறு விதமாகக் காட்டும் என்பதால், கரோல் பாக், மயூர் விகார் பகுதிகளில் வாழும் நம்மவர்கள், ஊரில் பழகிய கிரீமையே தொடருமுன் தோலைச் சோதித்துக்கொள்வது நல்லது. மென்மையான ஃபேஸ்வாஷால் முகம் கழுவி, ஒற்றித் துடைத்து, எதையும் பூசாமல், ஹீட்டர் காற்று படாத அறையில் ஒரு மணி நேரம் இருங்கள். பிறகு நெற்றி, மூக்கு, கன்னம், தாடை ஆகியவற்றில் தனித்தனி டிஷ்யூ தாளை ஒற்றி, வெளிச்சத்தில் பாருங்கள். எங்கும் எண்ணெய்க் கறை படிந்தால் எண்ணெய்ப் பசைத் தோல். நெற்றியிலும் மூக்கிலும் மட்டுமெனில் கலவைத் தோல். கறையின்றி இறுக்கமும் செதிலும் தெரிந்தால் வறண்ட தோல். இவை எதுவும் இல்லையெனில் சாதாரணத் தோல். எளிதில் எரிச்சலடையும் தோலைத் தாள் காட்டித்தராது. மாநிறத்தவருக்குச் சிவத்தலும் அவ்வளவாகத் தெரியாது என்பதால், அரிப்பையும் எரிச்சலையுமே கவனிக்க வேண்டும்.