லோகோ யாருக்குச் சொந்தம்? புதிதாக ஃப்ரீலான்ஸ் டிசைன் செய்ய வருபவர்களுக்கு

"தம்பி, பாக்கியை அப்புறம் பாத்துக்கலாம். கோரல் ஃபைலை மட்டும் இப்ப அனுப்பி விட்டுருங்க."

நம்மூரில் இந்த வாட்ஸாப் செய்தி வராத டிசைனர் இருக்க முடியாது. கோரல் ஃபைல் என்றால் திருத்தி அச்சடிக்கக்கூடிய மூலக் கோப்பு. எனக்கு ஒரு இனிப்புக்கடை லோகோவுக்காக வந்தது. அனுப்பினேன். ஒரே வாரத்தில் ஃப்ளெக்ஸ், டப்பா, கேரி பேக் என்று எங்கே பார்த்தாலும் நான் வரைந்த லோகோ. பாக்கி ஏழாயிரம் ரூபாய் மட்டும் வரவில்லை. அதன் மிச்சக் கதை கடைசியில்.

முதல் படி: சட்டம் யார் பக்கம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

காசு கொடுத்தவருக்கே டிசைன் சொந்தம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 17, படைத்தவரையே முதல் உரிமையாளர் என்கிறது. சம்பளத்துக்கு இருந்து, அந்த வேலையின் பகுதியாகச் செய்தால் முதலாளிக்குப் போகும். ஃப்ரீலான்சர் சம்பள ஆள் இல்லை. ஆனால் கல்யாண போட்டோ எடுக்கும் நண்பர்கள் கவனிக்க: காசு வாங்கிக்கொண்டு ஒருவர் சொன்னதன்பேரில் எடுக்கும் புகைப்படம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்கே சொந்தம். ஓவியத்துக்கும் வீடியோவுக்கும் அதே கதைதான். அந்தப் பட்டியலில் லோகோ இல்லை.

இரண்டாம் படி: அட்வான்ஸ் வாங்கும் முன் ஒரு பக்கம் எழுதுங்கள்

பிரிவு 19 படி, உரிமை கைமாற வேண்டுமானால் அது எழுத்தில் இருக்க வேண்டும். மாற்றித் தருபவர் கையெழுத்திட வேண்டும். அதாவது உங்கள் கையெழுத்து. காகிதம் இல்லாவிட்டால் முழு உரிமை கிடைக்காமல் நிற்பவர் வாடிக்கையாளர்தான். "எனக்குப் பாதுகாப்பு வேணும் சார்" என்று ஆரம்பித்தால் முகம் சுளிப்பார்கள். "லோகோ நாளைக்கு உங்க பேர்ல இருக்கணும்ல அண்ணாச்சி, அதுக்குத்தான்" என்று சொல்லிப் பாருங்கள். "ஒப்பந்தமெல்லாம் எதுக்கு" என்றவரே பேனாவைத் தேடுவார்.

நான் எழுதுவது இவ்வளவுதான்:

"கீழே காட்டியுள்ள இறுதி லோகோ ஒன்றின் பதிப்புரிமை முழுவதும், பேசிய தொகை முழுதாக வந்து சேரும் நாளில், உலகம் முழுவதற்கும், பதிப்புரிமைக் காலம் முடியும் வரை வாடிக்கையாளருக்கு மாறும். தேர்வாகாத வரைவுகள் டிசைனருக்கே உரியவை."

"உலகம் முழுவதற்கும்", "காலம் முடியும் வரை" இரண்டையும் விட்டுவிடாதீர்கள். காலம் குறிக்காவிட்டால் சட்டம் அதை 5 ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும். இடம் குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். துபாயில் கிளை திறக்கும் வாடிக்கையாளர் பிறகு உங்களைத்தான் திட்டுவார். எத்தனை கரெக்‌ஷன், ஓப்பன் ஃபைல் (திருத்தக்கூடிய மூலக் கோப்பு) உண்டா இல்லையா என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.

மூன்றாம் படி: உங்களுடையது அல்லாததைத் தராதீர்கள்

தமிழ் எழுத்துரு ஒன்றை எங்கிருந்தோ இறக்கிப் பயன்படுத்தியிருப்போம். அதன் உரிமம் வணிக வேலைக்குச் செல்லுமா என்று பார்த்தீர்களா? அந்த எழுத்துருவின் உரிமையை மாற்றித் தர உங்களால் முடியாது. எழுத்துரு, ஸ்டாக் படம் எல்லாவற்றையும் இன்வாய்ஸிலேயே குறித்துவிடுங்கள்.

நான்காம் படி: பாக்கி வரும்வரை வாட்டர்மார்க் போட்ட ஜேபெக் மட்டும்

இதற்கு விளக்கம் வேண்டாம். ஏழாயிரத்துக்குப் படித்த பாடம்.

ஐந்தாம் படி: உத்யம் பதிவு

குறு, சிறு, நடுத்தரத் தொழில் என்று அரசிடம் பதிந்துகொள்வதுதான் உத்யம். இதைப் பலர் தட்டிக்கழிக்கிறார்கள். பதிவு இலவசம், ஆதாரும் பான் எண்ணும் போதும். வேலை எடுக்கும் முன்பே பதிந்துவிடுங்கள், பணம் நின்ற பிறகு பதிந்தால் வழக்கில் சிக்கல் வரலாம். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் உங்கள் பணத்தை நிறுத்திவைக்க முடியாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. தராதவர்மேல் இதற்கான அரசு இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். குறித்த கெடுவுக்குள் தராத தொகையை, தரும்வரை அவர் வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்கவும் முடியாது. அனுபவத்தில் சொல்கிறேன், வட்டியைவிட இந்தக் கடைசி விஷயத்துக்குத்தான் பலர் அசைகிறார்கள். மார்ச் மாதம் அவருடைய ஆடிட்டரே நினைவூட்டிவிடுவார்.

ஆறாம் படி: போர்ட்ஃபோலியோவுக்கு ஒரு வரி

உரிமையை மாற்றித் தந்த பிறகும் "இதை வரைந்தது நான்" என்று சொல்லும் உரிமையைப் பிரிவு 57 உங்களிடமே விட்டுவைக்கிறது. படத்தை உங்கள் பக்கத்தில் போடுவது வேறு. அதற்குத் தாளில் ஒரு வரி வேண்டும்.

இனிப்புக்கடைக்கு வருவோம். ஒன்றரை வருடம் கழித்து, லோகோவைத் தன் பெயரில் பதிப்புரிமைப் பதிவு செய்யப் போனார் கடைக்காரர். வரைந்தவர் வேறு ஆள் என்றால் அவர் கையெழுத்திட்ட என்.ஓ.சி. (ஆட்சேபம் இல்லை என்ற கடிதம்) வேண்டும் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். காலை ஒன்பதரைக்கு போன்: "தம்பி, சௌக்கியமா? ஒரு சின்ன கையெழுத்து…"

"வர்றேன் அண்ணாச்சி" என்றேன். பஸ் ஏறுவதற்குள் ஜிபேயில் ஏழாயிரம் வந்திருந்தது.